கிணற்றடியில் நானூற்றைம்பது குதிரை

திருவண்ணாமலையில் அந்தக் காரைத் தேடிக் கண்டுபிடித்தேன் என்று சொல்வது முறையல்ல. அதன் மேல் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சலூன். சென்னையிலிருந்து வந்த பஸ் செஞ்சிக் கோட்டைக்கு எதிரே மூச்சை விட்டுவிட்டதால், அதைத் தள்ளியவர்களில் ஒருவனாக, முகமெல்லாம் புழுதியோடு போய்ச் சேர்ந்திருந்தேன். சவரத்துக்கு முன்னால் இரண்டு பேர் இருந்தார்கள். சுவரோரம் கிடந்த சீட்டைக் காட்டினார் சலூன்காரர். உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் பாதி உள்ளே போய்விட்டேன். கறுப்பு ரெக்ஸினில் வரிவரியாகத் தைத்த, மூன்று பேர் சாயக்கூடிய சீட்டு. என் இடுப்புக்கடியில் ஏதோ குத்தியது. இழுத்துப் பார்த்தேன். பெல்ட். காரில் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற பெல்ட். சலூனில் காத்திருப்பவர்களைக் கட்டிப்போடும் வழக்கம் உலகில் எங்கும் இருப்பதாக நான் படித்ததில்லை.

"இது ஏதுங்க?" என்றேன்.

"அதுவா? அமெரிக்கா காரு சீட்டு சார். ஒக்காந்தா எழுந்துக்க மனசே வராது. அதான் நம்ம கடையில ஒக்கார்றவன் ஜாஸ்தி, செரச்சிக்கிறவன் கம்மி."

என் பையில் ஒரு சிவப்புக் காரின் புகைப்படம் இருந்தது. பின் கதவு இல்லாத, அகன்ற மூக்குக் கார். அதன் பின் சீட்டில் கறுப்பு வரித் தையல் தெரிந்தது. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்தேன். சோப்பு போடுவதற்கு முன்பே வெளுத்திருந்தது.

நான் ஏன் வெளுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். பிழைப்பது அமெரிக்காவில், கார் செய்வதைத் தவிர வேறு காரணம் எதுவுமின்றி முளைத்த ஓர் ஊரின் நூலகத்தில். கார்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அந்தப் புத்தகங்கள் எந்த அலமாரியில் இருக்கின்றன என்பது மட்டும். என்னிடம் இருப்பது சின்ன ஜப்பான் கார். அதைத் தன் வாசல் பக்கம் நிறுத்தக்கூடாது என்று பக்கத்து வீட்டு வால்ட்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஓய்வு பெறும்வரை என்ஜின் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்ட்டில் நின்றவர். அவருடைய கொள்கையைக் குறை சொல்ல முடியாது.

அவர் கைபட்ட என்ஜின்களுக்கு ஒரு காலம் இருந்தது. அறுபதுகளின் கடைசியிலும் எழுபதின் தொடக்கத்திலும், சாதாரணக் குடும்பக் காரின் வயிற்றில் பந்தயக் காரின் இதயத்தை வைத்துக் கம்பெனியே விற்றது. வெளியே மெக்கானிக்கிடம் கொடுத்து முறுக்கேற்றியதல்ல, தொழிற்சாலையிலிருந்தே முறுக்கோடு இறங்குவது. மசில் கார் என்று பெயர். வால்ட்டர் கோத்த என்ஜினுக்கு எட்டு சிலிண்டர், நானூற்றைம்பது குதிரைத்திறன். நம் அம்பாசிடர்கள் ஒன்பதை ஒரே நுகத்தில் பூட்டினாலும் அதன் பக்கத்தில் நிற்காது. பிறகு இன்ஷூரன்ஸ்காரர்களும் புகைச் சட்டமும் பெட்ரோல் விலையும் ஒன்றுசேர்ந்து அந்தக் கூத்தை முடித்து வைத்தார்கள்.

அப்படி ஒரு காரை வால்ட்டர் தன் ஒரே மகன் டேவிட்டுக்குக் கொடுத்தார். அந்தப் பிள்ளை அதைக் கப்பலில் ஐரோப்பாவுக்கு ஏற்றி, அங்கிருந்து தரைவழியாகவே ஓட்டிக்கொண்டு எழுபத்து நாலில் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். போகும்போது காரோடு போனவன் வரும்போது செருப்போடு வந்தான். "தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்" என்றான். "கஞ்சாவுக்கு விற்றுவிட்டாய்" என்றார் அப்பா. அதுதான் இருவரும் பேசிய கடைசிப் பேச்சு. ஒன்பது வருஷமாகிறது.

இப்போது டேவிட்டுக்குக் கல்யாணம். பத்திரிகை வந்திருந்தது. நான் ஊருக்குப் போகிறேன் என்று தெரிந்ததும் வால்ட்டர் வேலி வரை வந்தார்; அதுவே பெரிய மரியாதை. "அவன் சொன்னது உண்மையா என்று பார்த்துவிட்டு வா. பொய்யென்றால் நான் கல்யாணத்துக்குப் போகமாட்டேன். அந்த என்ஜின் எங்காவது ஓடிக்கொண்டிருந்தால் அதன் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வா. கேட்டால் எனக்குத் தெரியும்" என்றார். ஒரு கேஸட் ரிக்கார்டரைக் கையில் கொடுத்தார்.

காரின் பின் சீட்டு சலூனில் கிடக்கிறது. இதை எந்த முகத்தோடு போய்ச் சொல்வது? சவரம் செய்த முகத்தோடு என்று வைத்துக்கொண்டாலும்?

லாட்ஜ் மேனேஜர் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினார். "அந்த வெள்ளக்காரப் பசங்களா? கஞ்சா அடிச்சிக்கினு மலையை சுத்திக்கினு இருப்பானுங்க சார். வாட்சு, காமிரா, செருப்பு, எல்லாத்தையும் வித்துடுவானுங்க. காரை வித்ததுதான் கொஞ்சம் ஓவர்." அன்று இரவு மெஸ்ஸில் பொங்கல் சாப்பிட்டேன். மிளகு ஒவ்வொன்றும் முழுசாக, நெய் நிஜமாக. அமெரிக்காவில் பத்தொன்பது வருஷம் எதற்காக அழுதேனோ அது இலையில் கிடக்கிறது, தொண்டையில் இறங்கவில்லை. இரண்டாவது முறை வாங்கிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

மறுநாள் சலூன்காரர் வழி சொன்னார். சீட்டை விற்றவர் கனி பாய், மெக்கானிக், வேங்கிக்கால் போகிற ரோட்டில் கொட்டகை. நானூற்றைம்பது குதிரையைத் தேடி ஒரே ஒரு குதிரை பூட்டிய ஜட்காவில் புறப்பட்டேன். அந்த ஒன்றும் தேரடி தாண்டியதும் நின்றுவிட்டது. "வெயிலுக்கு நிக்குது சார், அதுக்கும் மனசு இருக்குதில்ல" என்றார் வண்டிக்காரர். அதன் மனசு மாறும்வரை நாங்கள் இளநீர் குடித்தோம். அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு ஹாரன் அலறியது. இளநீர் சட்டையில் கொட்டியது. டவுன் பஸ்ஸின் ஹாரன் எனக்குத் தெரியும். இது கப்பல் வருகிற மாதிரி, இரண்டு கட்டையில் ஒன்றாக. எங்கள் தெருவில் பெரிய கார்கள் இப்படித்தான் கத்தும். பஸ் போய்விட்டது. குதிரை மட்டும் அந்த அதிர்ச்சியில் ஓட ஆரம்பித்தது. நாங்கள் அதன் பின்னால் ஓடி ஏறினோம்.

கனி பாய் கொட்டகையில் ஒரு லாரிக்கடியிலிருந்து வெளியே வந்தார். மல்லாந்தபடியே புகைப்படத்தை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, இவனா! சார், இது காரே இல்ல. ப்ளேன். ப்ளேன் என்ஜினை ஏமாத்தி கார்ல வெச்சுட்டானுங்க. நமக்குத் தெரியாதா?"

"கார் எங்கே?"

"காரு எல்லா எடத்துலயும் கீது. சீட்டு சலூன்ல. ஹாரன் டவுன் பஸ்ல. ஹெட்லைட்டு போளூர் லாரியில. கதவு ரெண்டும் நம்ம வூட்டு கோழிக் கூண்டு. கண்ணாடியை ஏத்தி எறக்கிக்கலாம் சார், கோழிக்குக் காத்து வரும்."

"என்ஜின்?"

"என்ஜின் வேலைக்குப் போயிருக்குது."

நான் பக்கத்தில் இருந்த டயரின் மேல் உட்கார்ந்தேன். எங்கே வேலை என்று கேட்பதற்குள் அவரே சொன்னார். "கீழ்பென்னாத்தூர்ல. கெணத்துல தண்ணி எறைக்குது. மாட்டினது நான்தான். கூலிக்குப் பதிலா காரை எடுத்துக்க பாய்னு அஞ்சலையம்மா சொன்னாங்க, எடுத்துக்கினேன்."

"அவர்களிடம் அது எப்படி வந்தது? பையன் விற்றானா?"

"அதை என்னாண்ட கேட்டா? என்ஜினை எறக்கத்தான் என்னை கூப்ட்டாங்க. அவங்களையே கேளுங்க, நாளைக்கு இட்டுனு போறேன்."

மூன்றாம் நாள் கனி பாயின் ஸ்கூட்டரில் புறப்பட்டோம். பாதி வழியில் அது நின்றது. ஊர் மெக்கானிக்கின் ஸ்கூட்டர் ஏன் நிற்கிறது என்று கேட்டேன். "ஊர் வண்டியெல்லாம் பாக்குறேன், இதைப் பாக்க ஏது சார் டைமு?" என்றார். நியாயம்தான், எங்கள் நூலகத்தில் நான் கடைசியாக எந்தப் புத்தகத்தை முழுதாகப் படித்தேன் என்று எனக்கும் நினைவில்லை. நான் தள்ள, அவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு அந்த என்ஜினின் பெருமைகளைச் சொல்லியபடி நடந்தார்.

சத்தம் முதலில் வந்தது. டுப்... டுப்... டுப். ஆஸ்துமா உள்ள எருமை மாடு படியேறுகிற மாதிரி. பிறகு மண்ணெண்ணெய் நாற்றம். பிறகு நிலக்கடலை வயல். அங்கே அதற்கு மல்லாட்டை என்று பெயர். நடுவில் கிணறு, அதன் ஓரத்தில் ஓலை வேய்ந்த மோட்டார் கொட்டாய். உள்ளே குனிந்து பார்த்தேன்.

நான் கார் அறியாதவன். ஆனால் அமெரிக்காவில் ஒரு கண்காட்சியில் இந்த ஜாதி என்ஜினை வெல்வெட் கயிற்றுக்கு அப்பாலிருந்து பார்த்திருக்கிறேன். தொட்டால் காவலாளி இருமுவார். இங்கே அது சிமென்ட் மேடையில், தொழிற்சாலை பூசிய ஆரஞ்சு வண்ணம் இன்னும் திட்டுத்திட்டாகத் தெரிய, நெற்றி நிறைய மஞ்சளும் குங்குமமுமாக உட்கார்ந்திருந்தது. மேலே உத்தரத்தில் மண்ணெண்ணெய் டின் தொங்கியது. தலையில் அம்பாசிடர் கார்புரேட்டர், யானைக்குக் குழந்தைக் குல்லாய் போட்ட மாதிரி. ரேடியேட்டர் கிடையாது, இறைத்த தண்ணீரிலேயே கொஞ்சம் அதற்குள் போய்ச் சூடாகி வாய்க்காலில் விழுந்தது. இவ்வளவையும் தாங்கினேன். எட்டுப் பிளக்குக் குழிகளில் நாலில் பிளக்குக்குப் பதில் துணி அடைத்திருந்ததைப் பார்த்ததும்தான் கொட்டாயின் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"நாலுதான் ஓடுதா?"

"எட்டும் ஓடுனா மண்ணெண்ணைக்கு எங்க போறது? அதான் நாலை நிறுத்தி வெச்சிருக்கேன். நாலு தூங்குது, நாலு வேலை செய்யுது. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மாத்தி வுட்டுடுவேன். தூங்குனது எழுந்துக்கும், எழுந்தது தூங்கும். ஷிப்ட்டு சார்."

நான் பதில் சொல்வதற்குள் கொட்டாய் வாசலில் ஓர் அம்மாள் வந்து நின்றார். கையில் களைக்கொத்து.

"யாரு பாய் இவரு?"

"அமெரிக்காலேர்ந்து வந்துகிறாரு அஞ்சலையம்மா. அந்தப் பையனோட அப்பா அனுப்புனவரு."

அஞ்சலையம்மாள் உள்ளே வந்தார். எனக்கும் என்ஜினுக்கும் நடுவில் நின்றுகொண்டார். அறுபது கிலோகூட இருக்கமாட்டார். ஆனால் கிரேனோடு வந்தாலும் அந்த வயலில் அவரைத் தாண்டி யாரும் எதையும் எடுத்துப்போக முடியாது என்பது தெரிந்தது.

"பயிரு காயி புடிக்கிற நேரம். இப்ப எடுத்துக்கினு போவாதீங்க. புடுங்கிட்டுப் பேசிக்கலாம்."

"எடுக்க வரவில்லையம்மா. அதன் சத்தம் மட்டும் வேண்டும்."

அவர் கனி பாயைப் பார்த்தார். "சத்தமா? சத்தத்தை வெச்சிக்கினு இன்னா பண்ணுவாரு அந்தாளு?"

"அமெரிக்காவுல அப்பிடித்தான்" என்றார் கனி பாய்.

ரிக்கார்டரின் பொத்தானை அழுத்தினேன். எருமை கொஞ்ச நேரம் அதற்குள் படியேறியது. நிறுத்தும் பொத்தானையும் அழுத்தினேன் என்றுதான் நினைத்தேன். பிறகு கேட்கவேண்டியதைக் கேட்டேன். அந்தப் பையனிடமிருந்து இதை என்ன கொடுத்து வாங்கினீர்கள்?

"இன்னா குடுத்தோமா? கீழாநெல்லி குடுத்தோம்" என்றார் அஞ்சலையம்மாள். "ரோட்டாண்ட புளிய மரத்தடியில காரை வுட்டுட்டு அதுலயே சுருண்டுக்கினு கெடந்தான். கண்ணெல்லாம் மஞ்சளு. காமாலை. வூட்டுக்கு இட்டாந்து போட்டேன். கீழாநெல்லி அரைச்சு மோருல குடுத்தா மூஞ்சை சுளிப்பான். மூக்கைப் புடிச்சி ஊத்துவேன். தேறி எழுந்துக்கிற நேரத்துல எங்க ஆயில் என்ஜின் வெடிச்சிப் போச்சு. பயிரு பூவோட நிக்குது. எங்க வூட்டுக்காரரு," என்று வரப்பில் நின்ற கணவர் கோவிந்தனைக் காட்டினார், "கெணத்தாண்ட தலையில கை வெச்சிக்கினு ஒக்காந்துட்டாரு. சோறு துன்னல."

"துன்னல" என்றார் கோவிந்தன். அவர் அன்று பேசிய ஒரே வார்த்தை.

"அந்தப் புள்ள வந்து பாத்தான். போயி காரு மூடியைத் தொறந்தான். இத எடுத்துக்கோன்றான், கையால. பைத்தியமாடா நீன்னேன். எடுத்துக்கோன்றான். காசு குடுக்கப் போனா கையைப் பின்னாடி கட்டிக்கினான். மெட்ராஸ் போவ பஸ்ஸு சார்ஜுகூட நாங்கதான் குடுத்தோம்."

ஒன்பது வருஷமாக ஒரு வீட்டில் பொய்யன் என்று பெயர் வாங்கியவன், இன்னொரு வீட்டில் மூக்கைப் பிடித்துக் கஷாயம் ஊற்றப்பட்ட பிள்ளையாக இருந்திருக்கிறான்.

"எறக்கும்போது என்னமோ சொல்லிக்கினே இருந்தான். பாய்தான் அர்த்தம் சொன்னாரு. 'எங்கப்பா கையால செஞ்சது, பாத்து ஓட்டுங்க'ன்னு. அப்பால எத்தினி பேரு வந்து கேட்டானுங்க, பழைய இரும்புக்கு. ஒருத்தரோட அப்பா செஞ்சதை எப்பிடி எடைக்குப் போடுறது? செஞ்சவரு நல்லா இருக்கிறாரா?"

"இருக்கிறார்."

"அப்ப அவராண்ட ஒண்ணு கேளுங்க. பின்னாடி எண்ணெ ஒழுகுது. வந்த நாள்லேர்ந்து ஒழுகுது. இன்னா வேலை செஞ்சாரு அவரு?"

அந்த எருமைச் சத்தத்தை மட்டும் கொண்டுபோனால் வால்ட்டர் நம்பமாட்டார் என்று எனக்குப் பட்டது. எட்டையும் எழுப்ப முடியுமா என்று கேட்டேன். கனி பாய் இதற்காகவே ஒன்பது வருஷம் காத்திருந்தவர் போலச் சட்டையைக் கழற்றினார். "ஒரு தபா. ஒரே ஒரு தபா" என்றார் அஞ்சலையம்மாள். மதியம் அவர்கள் வீட்டில் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிடுகிறபோது சாமி படங்களுக்குப் பக்கத்தில், பொட்டு வைத்து, பூ வைத்து, ஓர் இரும்புப் பொருள் இருப்பதைக் கண்டேன். நான்கு வாய்கள். காரோடு வந்த கார்புரேட்டர்.

"அது குடிகாரன் சார்" என்றார் கனி பாய். "வெளியே வுட்டா குடும்பம் தாங்காது. அதான் சாமியாண்ட வெச்சிருக்குது."

நான்காம் நாள் காலை குடிகாரனைச் சாமியிடமிருந்து விடுவித்துக் கிணற்றடிக்குக் கொண்டுபோனோம். உறங்கிய நாலுக்கும் பிளக்கும், கழற்றி வைத்திருந்த வால்வுத் தண்டுகளும் வந்தன. பெட்ரோல் வந்தது. பக்கத்து வயல்காரர்கள் வரப்பில் உட்கார்ந்தார்கள். நான் ரிக்கார்டரை நீட்டிக்கொண்டு, ஓடுவதற்கு வசதியாகச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

கனி பாய் ஒயரைத் தொட்டார். ஒரு இருமல். இரண்டு. பிறகு பூமி தன் தொண்டையைச் சரிசெய்துகொண்டது.

அதைச் சத்தம் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அது முதலில் காலில் ஏறியது, பிறகு பல்லில், கடைசியாகத்தான் காதில். புளிய மரத்துக் காக்கைகள் மலைப் பக்கம் போய்விட்டன. தொட்டியில் விழவேண்டிய தண்ணீர் தொட்டியைத் தாண்டி, வாய்க்காலைத் தாண்டி, வரப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் மேல் விழுந்தது. கோவிந்தன் வேட்டியைத் தூக்கிக் கட்டினார். கனி பாய், சிரித்த முகத்தோடு, இன்னும் கொஞ்சம் திருகினார். பம்பு பெல்ட் கழன்று என் தலைக்கு மேலே பாம்பாய்ப் பறந்து கிணற்றுக்குள் விழுந்தது. நான் எப்போது கடலைச் செடிகளுக்கு நடுவே குப்புறப் படுத்தேன் என்பது எனக்குத் தெரியாது. கை மட்டும் ரிக்கார்டரோடு மேலே நின்றது என்று பின்னால் சொன்னார்கள்.

"நிறுத்து பாய்! மடை ஒடஞ்சிப் போச்சு! மல்லாட்டை போச்சு! நிறுத்து!"

நின்றது. அந்த அமைதியில் எண்ணெய் சொட்டுகிற சத்தம் கேட்டது.

"பாத்தியா" என்றார் அஞ்சலையம்மாள், எரிச்சலோடு. "ஒழுகுது."

பெல்ட்டை எடுக்கக் கிணற்றில் இறங்கினார்கள். நாலு சிலிண்டர் மறுபடி தூங்கப் போனது. குடிகாரன் சாமியிடம் போனான். எனக்கு ஒரு பை வேர்க்கடலை கொடுத்து அனுப்பினார்கள்.

நான் அமெரிக்கா திரும்பிய அன்றே வால்ட்டர் தன் சமையலறையில் கேஸட்டைப் போட்டார். எருமை படியேறியது. அவர் முகம் சுருங்கியது. "நாலு" என்றார். "என்ஜினில் பாதியைக் கொன்றுவிட்டார்கள்." கொல்லவில்லை, தூங்குகிறது, ஷிப்ட் முறை, வருஷா வருஷம் மாற்றுகிறார்கள் என்று விளக்கினேன். "ஷிப்ட்டா?" என்றார் இரண்டாம் ஷிப்ட்டில் முப்பது வருஷம் நின்றவர். பிறகு தோள் குலுங்கியது. அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நான் நிறுத்த மறந்த இடம் வந்தது. அஞ்சலையம்மாளின் குரல். வாக்கியம் வாக்கியமாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தேன்: மஞ்சள் கண், மோர், தலையில் கை வைத்தவர், பின்னால் கட்டிக்கொண்ட கைகள். 'எங்கப்பா கையால செஞ்சது' என்ற இடத்தில் என் மொழிபெயர்ப்பு கொஞ்சம் தடுமாறியது; எண்ணெய் ஒழுகுகிற கேள்வியை மரியாதை கருதி விழுங்கிவிட்டேன். வால்ட்டர் மேசையில் கிடந்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார். உரித்துக்கொண்டே இருந்தார், ஒன்றையும் வாயில் போடவில்லை.

எட்டு சிலிண்டரின் கர்ஜனை வந்தபோது அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. அது முடிந்து, சொட்டுச் சத்தமும் அஞ்சலையம்மாளின் எரிச்சலும் வந்ததும் கையை உயர்த்தினார். "அந்த அம்மாள் என்ன சொல்கிறார்?"

"எண்ணெய் ஒழுகுகிறதாம். வந்த நாளிலிருந்து. நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்கிறார்."

வால்ட்டர் எழுந்தார். முகம் சிவந்திருந்தது. சுவரில் இருந்த டெலிபோனை எடுத்து, எந்தக் குறிப்பையும் பார்க்காமல், ஓர் எண்ணைச் சுழற்றினார். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவையும் சுழற்றாத எண் அவர் விரலில் இருந்தது.

"நான்தான்" என்றார். "பின் சீலில் எண்ணெய் ஒழுகுகிறதாம். நீ ஏன் அதைச் சொல்லவே இல்லை?"

மறுமுனையில் டேவிட்டின் குரல் கேட்டது. வால்ட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்பாவும் பிள்ளையும் எண்ணெய் கசியாமல் அடைக்கிற அந்த ரப்பர் சீலைப் பற்றிப் பேசினார்கள். வெயிலில் ரப்பர் இறுகுவதைப் பற்றிப் பேசினார்கள். புது சீலைத் தபாலில் அனுப்பினால் கனி பாய் அதை நேராக மாட்டுவாரா தலைகீழாக மாட்டுவாரா என்று சண்டை போட்டார்கள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்பைப் பற்றியும் இல்லை. நான் கடலையைத் தின்று முடித்தேன்.

போனை வைக்கப் போனவர் மறுபடி காதில் வைத்துக்கொண்டார்.

"நான் கோட்டு என்ன நிறத்தில் போட்டுக்கொண்டு வரவேண்டும்?" என்று கேட்டார்.